பதினாலாவது நிமிஷம்

இசைத்தட்டின்மேல் ஊசி இறங்கியாகிவிட்டது. இனி இருபத்திரண்டு நிமிஷத்துக்கு எமனே வந்து அழைப்புமணியை அடித்தாலும் எழுந்திருக்கப் போவதில்லை என்று கோதண்டம் நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்தார் என்று சொல்வதும் தப்பு, ஒரு கால் உட்கார்ந்திருந்தது, இன்னொரு கால் ஓடுவதற்குத் தயாராக விரலூன்றி நின்றது, எழுபத்தேழு வயசில் எங்கே ஓடுவது, அயனாவரத்து வீட்டில் இந்த முன்னறையை விட்டால் அடுப்படி, அடுப்படியை விட்டால் கொல்லை என்று பேர்பண்ணிக்கொண்டிருக்கிற நாலு முழ இடம், அங்கே துணி காய்கிறது. கரகரவென்று இரண்டு சுற்று. தட்டின் நடுவில் வெறும் வெள்ளைத் தாள், பேர் கிடையாது, படம் கிடையாது, மொத்தமாக அச்சடிப்பதற்கு முன்னால் கேட்டுப் பார்த்துச் சரி சொல்ல அனுப்புகிற சோதனைத் தட்டு அப்படித்தான் வருமாம், ஜெர்மனியிலிருந்து அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி வைத்து அனுப்பியிருந்தாள் அந்தப் பெண். எதிரே பிரம்பு நாற்காலியில் மேவிஸ். ஐம்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு மேவிஸ். எண்பத்தொரு வயசு, கையில் தடி, பூப்போட்ட கவுன், முடியை அன்றைக்கு வெட்டியிருந்த மாதிரியே காதோடு வெட்டியிருக்கிறார், பரங்கிமலையிலிருந்து டாக்ஸியில் வந்து இறங்கும்போதே டிரைவரோடு சண்டை, அந்தக் குரல் கொஞ்சமும் மாறவில்லை, சண்டையைக் கேட்டதும் கோதண்டத்துக்கு நெஞ்சு பொங்கிப் போய்விட்டது, அழுதுவிடுவோமோ என்று பயந்து டீ போடச் சொல்லும் சாக்கில் உள்ளே ஓடினார். பியானோ வாசித்த அந்தக் கைகள் இப்போது மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன, ஒரு விரல் மூட்டு வீங்கியிருக்கிறது, அதைப் பார்க்கக் கூடாது, தட்டைப் பார், தட்டைப் பார்.

வந்துவிட்டார் ரெஜி. சாக்ஸபோனில் அந்த முதல் மூச்சு, ஸ்வரத்துக்கு முன்னால் வெறும் காற்று மட்டும் குழாய்க்குள் போகிற ஓசை, அடேயப்பா, இதை எப்படி எடுத்தார்கள், டேப்பில் இருந்தது என்று அவருக்குத் தெரியும், அவர்தானே மைக்கை அந்த உயரத்தில் கட்டினார், மைக் ஸ்டாண்ட் இல்லாமல் கொடிக்கம்பும் சைக்கிள் டியூபும் வைத்துக் கட்டினது, ஆனால் டேப்பில் இருக்கிறது வேறு, காதில் வந்து விழுகிறது வேறு, இப்போது ரெஜி இந்த அறையில் ஷோகேஸுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் நின்று வாசிக்கிறார், செத்து முப்பது வருஷமான மனுஷன். லோகோ ஷெட் ஃபைவ். அஞ்சு பேர். ரெஜி சாக்ஸபோன், மேவிஸ் பியானோ, ஓட்டேரி பொன்னுரங்கம் ட்ரம்ஸ், கல்யாண பேண்டு செட்டில் வாசித்துக்கொண்டிருந்தவரை ரெஜி போய்த் தூக்கிக்கொண்டு வந்தார், அப்புறம் பாஸும் டிரம்பெட்டும் வாசித்த அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்கள் ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போய் அங்கேயே மண்ணாகிவிட்டார்கள். ரயில் காலனி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை டான்ஸ் வாசிக்க வேண்டிய கோஷ்டி. ஜோடி ஜோடியாக ஆடுவதற்கு வந்து நிற்கிற ஜனத்துக்கு முன்னால் இவர்கள் தாளத்தைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, மெட்டைக் கழற்றி இன்னொரு பக்கம் வைத்துவிட்டு, ஆளுக்கொரு திசையில் ஓடி எங்கேயோ ஓரிடத்தில் சந்தித்துக்கொள்கிற மாதிரி ஒன்றை வாசித்தார்கள். அன்றைக்கு மெட்ராஸில் இதற்குப் பேர் கிடையாது. சத்தம் என்றார்கள். காலனி செக்ரட்டரி இதென்ன லோகோ ஷெட்டில் எஞ்சின் மூச்சு விடுகிறதா என்று கேட்டார், ரெஜி அதை அப்படியே பிடித்துக்கொண்டு கோஷ்டிக்கு அந்தப் பேரை வைத்தார். கோதண்டம் அப்போது ரயில் பெட்டிப் பட்டறையில் ஃபிட்டர், இருபத்து நாலு வயசு, கர்நாடக சங்கீதமும் தெரியாது, ஜாஸும் தெரியாது, மூர் மார்க்கெட்டில் வாங்கிச் சரிபண்ணிய டேப் ரெக்கார்டர் ஒன்றுதான் தெரியும், அதைத் தூக்கிக்கொண்டு ஏதோ தைரியத்தில் போய் நின்றவர், முதல் நாளே கதி கலங்கிப்போனார். பட்டறையில் நாள் முழுக்கக் கேட்கிற சுத்தியலும் ரம்பமும் ஏதோ சொல்லிக்கொண்டேயிருக்கின்றன, நமக்குத்தான் பாஷை புரியவில்லை என்று அவருக்கு வெகு நாளாக ஒரு சந்தேகம், அந்தப் பாஷையை இவர்கள் பேசினார்கள்.

ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா. சுவர்க் கடிகாரத்தில் நாலு இருபத்தைந்து. பதினாலாவது நிமிஷத்தில் அந்த இடம் வரும். வந்துதான் தீரும், அதை நிறுத்த முடியாது, ஊசியைத் தூக்கினால் மேவிஸ் ஏன் என்று கேட்பார். பதினாலாவது நிமிஷத்தில் ரெஜி ஒரு நீளமான ஸ்வரத்தை இழுத்துக்கொண்டே போவார், போய்க்கொண்டேயிருப்பார், மூச்சு முடியப்போகிறது என்று கேட்கிறவனுக்கு மூச்சு முட்டும், அந்த நொடியில் படக்கென்று அஞ்சு பேரும் வேறெங்கோ இருப்பார்கள், வேறு வேகம், வேறு கோபம், நடுவில் வழியே இல்லாமல் ஒரு தாவல். துளசிகாவுக்கு, அந்த ஜெர்மனிப் பெண்ணுக்கு, அந்த இடம்தான் உயிர். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து கைக்குழந்தையாகப் போனவள், அங்கே பழைய இசையைத் தேடி எடுத்துத் திரும்ப வெளியிடுகிற சின்னக் கம்பெனி வைத்திருக்கிறாள், ரெஜியின் தங்கை மகன் வீட்டுப் பரணில் கிடந்த டேப் ஸ்பூலை எப்படியோ மோப்பம் பிடித்து வாங்கி, பெட்டிமேல் எழுதியிருந்த பேரை வைத்துக்கொண்டு ஆறு மாதம் தேடிக் கோதண்டத்தைப் பிடித்தாள். அந்த இடத்தைக் கேட்டுத் தனக்கு அழுகை வந்ததாகச் சொன்னாள். உலகத்தில் யாரும் இப்படித் தாவினதில்லை, நியூயார்க்காரரும் தாவினதில்லை என்று தட்டின் உறையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள், தமிழிலும் அனுப்பியிருந்தாள், கோதண்டம் வாசித்தார், யாரிடமும் காட்டவில்லை. ஏனென்றால் அப்படி யாரும் தாவவில்லை. அந்த இடத்தில் நாலு நிமிஷம் காணாமல் போயிருக்கிறது. அந்த நாலு நிமிஷம் மேவிஸ் தனியாக வாசித்தது. தொலைத்தது கோதண்டம். ஐம்பத்து மூன்று வருஷமாக இது கோதண்டத்துக்கு மட்டும்தான் தெரியும்.

டீயை மேவிஸ் தொடவில்லை. ஆடை படிகிறது. தனம் அடுப்படி வாசலில் வந்து நின்று பார்க்கிறாள், கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷமாக இந்த மனுஷனின் ஸ்பூல்களைத் தூசி தட்டியவள், ரயில் தடம் புரண்ட மாதிரி இருக்கிற இதற்கா ஜெர்மன்காரன் தவம் கிடக்கிறான் என்று காலையிலேயே கேட்டுவிட்டாள், இப்போது இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள், வாழைக்காய் சீவுகிற சத்தம், அதுவும் சேர்ந்துகொள்கிறது, பொன்னுரங்கம் விட்ட இடைவெளியில் கச்சிதமாக வந்து விழுகிறது, அட. பொன்னுரங்கம் என்ன ஒரு ஆள். பிரஷ்ஷால் ட்ரம்மைத் தடவிக்கொண்டே இருப்பார், தடவுகிறாரா சொறிகிறாரா என்று தெரியாது, திடீரென்று ஒரு அடி, ஹாலின் கண்ணாடி ஜன்னல் அதிரும். அந்த அதிர்வுகூடத் தட்டில் இருக்கிறது, இதோ, இதோ இப்போது கேட்டதே அதுதான், தெற்குப் பக்கம் மூன்றாவது ஜன்னல், கண்ணாடி லூஸ், கோதண்டம்தான் தீக்குச்சி வைத்து இறுக்கியிருந்தார், அன்றைக்குக் குச்சி கீழே விழுந்துவிட்டது. எல்லாம் இருக்கிறது.  யாரும் வேண்டாம் என்று எழுந்துபோன ஒரு மத்தியானத்தை இரண்டு கடல் தாண்டி ஒரு பெண் கழுவித் துடைத்து எடுத்து வந்திருக்கிறாள், இதில் ரெஜியின் பேர் இருக்கும், மேவிஸின் பேர் இருக்கும், ஒலிப்பதிவு கோதண்டம் என்று இருக்கும், ஒலிப்பதிவு கோதண்டம், ஒலிப்பதிவு கோதண்டம், நூறு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று, ராத்திரி படுக்கையில் தனம் என்ன முணுமுணுக்கிறீங்க என்று அதட்டினாள். ஒலிப்பதிவாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் பேர் அது.

ஆறாவது நிமிஷம், பாஸ் தனியாக நடக்கிறது. என்ன நடந்தது என்று நேராகச் சொன்னால் யார் நம்புவார்கள், அவருக்கே சிரிப்பு வரும். சின்ன ஸ்பூல், பதினாலு நிமிஷம்தான் ஓடும். அது தீர்வதற்கு முன்னால் இன்னொரு ஸ்பூலைத் தயாராக எடுத்து வைக்க வேண்டும், கோஷ்டி நிறுத்தாமல் வாசிக்கும், மாற்றுகிற பத்து விநாடி போகட்டும் என்பது ரெஜியோடு பேசிவைத்தது. அன்றைக்கு ஹாலில் ஜனமே இல்லை, முதல் பத்து நிமிஷத்தில் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், கடைசியாக ஒரு கிழவர் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு போனார். வாசிக்கிற அஞ்சு பேர், கேட்கிற ஒருத்தன். ரெஜி இழுத்த ஸ்வரம் முடிகிற இடத்தில் மேவிஸ் உள்ளே வந்தார். அதற்கு முன்னாலும் அவர் தனியாக வாசித்துக் கோதண்டம் கேட்டிருக்கிறார், அது வேறு, இது வேறு. இடது கை எங்கேயோ கீழே ஒரே இடத்தைத் தட்டிக்கொண்டிருந்தது, வலது கை மேலே போவதற்கு வழி தேடித் தேடித் திரும்பி வந்தது, ஒவ்வொரு தடவையும் ஒரு அடி கூடப் போனது, கோதண்டத்துக்குக் கண் தானாக மூடிக்கொண்டது, உலகம் போயிற்று, டேப் போயிற்று, மெஷின் போயிற்று. கூடவே சட் சட் சட் சட் என்று ஒரு தாளம் சேர்ந்தது. அடடா பொன்னுரங்கம், பிரஷ்ஷைத் திருப்பிப் பிடித்து வாசிக்கிறார், எங்கே பிடித்தார் இந்த நடையை என்று கோதண்டம் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். நாலு நிமிஷம் ரசித்தார். ஸ்பூல் தீர்ந்து டேப்பின் வால் சுற்றிச் சுற்றி மெஷினை அறைந்துகொண்டிருந்த சத்தம் அது. வேறு எந்தக் கோஷ்டியை எடுத்திருந்தாலும் முதல் அறையிலேயே தெரிந்திருக்கும். ஒரு பாட்டுக் கச்சேரியில் சட் சட்டென்று கேட்டால் எவனும் கண்ணைத் திறப்பான். இவர்கள் வாசிப்பில் எதுவும் சேரும், இதுவும் சேர்ந்தது. மேவிஸ் முடித்து எல்லாரும் ஒன்றாகப் பாய்ந்தபோது ஏதோ உறுத்தி விழித்துப் பார்த்தார், கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை, எப்படி அடுத்த ஸ்பூலை மாட்டினார் என்று இன்றைக்கு வரைக்கும் நினைவில்லை.

வீட்டுக்குப் போய் பிளேடால் வெட்டி ஒட்டினார். அது திருட்டுத்தனம் இல்லை, முதலில் இல்லை, இரண்டு ஸ்பூலையும் ஒரே ஓட்டமாகச் சேர்த்துக் கொடுப்பது எப்போதும் செய்கிற வேலைதான், ஒட்டின இடத்தில் கொஞ்சம் வெற்று டேப் விட்டு இங்கே விட்டுப்போயிற்று என்று பெட்டிமேல் எழுதியிருக்க வேண்டும், பென்சிலைக் கையில் எடுத்தார், எழுதவில்லை. ரெஜியின் இழுத்த ஸ்வரம் முடிவதற்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டி, அடுத்த பாய்ச்சலோடு ஒட்டிவிட்டார், ஒட்டுத் தெரியவே இல்லை, கைகாரன்தான், வேலை அவ்வளவு சுத்தம், அந்தச் சுத்தத்தில் ஒரு கர்வம்கூட வந்தது, வெட்கக்கேடு. மறுநாள் ரெஜி வீட்டு வாசலில் பெட்டியை நீட்டினார், உள்ளே வா கேட்கலாம் என்றார் ரெஜி, ஷிஃப்ட் இருக்கு சார் என்று சைக்கிளை மிதித்தவர்தான். ஷிஃப்டும் இல்லை, கிஃப்டும் இல்லை. அதற்கப்புறம் இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள், காய்ச்சல் என்றார். பொன்மலைப் பட்டறைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார், எல்லாரும் மெட்ராஸுக்கு மாற்றல் கேட்டுக் காலைப் பிடிக்கிற காலத்தில் இவர் மெட்ராஸிலிருந்து போகக் கேட்டால் கொடுக்க மாட்டார்களா, உடனே கொடுத்தார்கள். அங்கே பத்து வருஷம். கோஷ்டி அதற்கப்புறம் ஒரு வருஷம்தான் இருந்தது என்று யாரோ சொல்லிக் கேள்வி. திரும்பி வந்தபோது எல்லாரும் கலைந்துவிட்டிருந்தார்கள், மேவிஸ் ஏதோ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறார் என்றார்கள், ஒரு தடவை அந்தப் பள்ளிக்கூட கேட் வரைக்கும் போனார், வாட்ச்மேன் என்ன வேணும் என்றான், ஒண்ணுமில்லை என்று வந்துவிட்டார். காதலா என்று தனம் ஒரு தடவை நேராகவே கேட்டாள். காதலாக இருந்திருந்தால் எப்போதோ ஆறியிருக்கும். இது ஆறவில்லை. ஷேவ் பண்ணும்போது, ரேஷன் வரிசையில், மகன் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில்கூட, அந்த நாலு நிமிஷம் தானாக மண்டைக்குள் ஓட ஆரம்பிக்கும், அவர் வேறு எதையாவது பேசி அதை அமுக்குவார்.

பத்தாவது நிமிஷம். மேவிஸ் கண்ணை மூடியிருக்கிறார், தூக்கமா, இல்லை, தடியின் பிடியில் கட்டைவிரல் அசைகிறது. போன மாதம் துளசிகா போனில் இரண்டு மணி நேரம் பேட்டி எடுத்தபோது அந்தத் தாவலைப் பற்றிக் கேட்டாள், நேரே கேட்டாள், அந்த இடத்தில் என்ன நடந்தது ஐயா என்று. சொல்லியிருக்கலாம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள் என்று கூப்பிட்ட மாதிரி கேள்வி. அது ரெஜி சார் யோசனைம்மா என்று சொல்லிவிட்டார். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது. அந்தப் பொய்யை அவள் அவர் பேரைப் போட்டு உறையில் எழுதிவிட்டாள், ஒலிப்பதிவாளரின் வாக்குமூலம் என்று. இப்போது அவர் வாயைத் திறந்தால் அந்தப் பெண்ணின் மூன்று வருஷ உழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டதாகும், உலகம் காணாத தாவல் என்று அவள் கொண்டாடியது ஒரு ஃபிட்டர் பயலின் வாய்பிளந்த நேரம் என்று ஊர் சிரிக்கும், தட்டு வருமோ வராதோ. திறக்காவிட்டால் மேவிஸ் இந்த அறையில் உட்கார்ந்து தான் வாசித்தது இல்லாமல் போனதைத் தன் காதாலேயே கேட்கப் போகிறார், கேட்டுவிட்டு அது ரெஜியின் யோசனை என்று உறையில் படிக்கப் போகிறார், ரெஜிதான் தன்னை வெட்டி எறிந்தார் என்று நினைப்பார், செத்த மனுஷன்மேல் பழி. காலையில் துளசிகா மறுபடியும் கூப்பிட்டாள்.

"ஐயா, தொழிற்சாலையில எங்கட முறை வந்திட்டுது. மேவிஸ் அன்ரியும் நீங்களும் கேட்டுப்போட்டு, உங்கட நேரம் பின்னேரம் ஆறு மணிக்குள்ள ஓமெண்டோ இல்லையெண்டோ சொல்லிப்போடுங்கோ. பிறகு மாத்தேலாது."

பிறகு மாற்ற முடியாது. அவளுக்கு என்ன தெரியும், ஐம்பத்து மூன்று வருஷமாக மாற்ற முடியாமல்தான் கிடக்கிறது. பதினொன்று, பன்னிரண்டு. சாக்ஸபோன் திரும்ப வருகிறது, டிரம்பெட் அதோடு மல்லுக்கட்டுகிறது, ஐயோ எவ்வளவு நன்றாக இருக்கிறது, இந்தப் பயத்துக்கு நடுவிலும் உடம்பு குதிக்கிறது, முட்டிவலியோடு ஒரு கால் தட்டிக்கொண்டிருக்கிறது, கேட்காதே என்றால் கேட்கிறதா அது. இப்போதே சொல்லிவிடலாம், மிஸ் ஒரு விஷயம் என்று ஆரம்பிக்கலாம், சாக்ஸபோன் சத்தத்தில் காதில் விழாது, விழாவிட்டால் சொன்னதாகவும் ஆகும் கேட்காததாகவும் ஆகும், சீ, என்ன புத்தி இது. வாழைக்காய் எண்ணெயில் விழுகிற சொய்ங். பதிமூன்று. ரெஜி அந்த ஸ்வரத்தைப் பிடித்துவிட்டார். இழுக்கிறார். மேவிஸ் கண்ணைத் திறந்துவிட்டார், முதுகு நிமிர்ந்துவிட்டது, தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருக்கிறார், மடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், எதற்கு, ஐயோ, தன்னுடைய இடம் வருகிறது என்று காத்திருக்கிறார், அது வராது மிஸ், வராது, ரெஜி இழுக்கிறார், இழுக்கிறார், கோதண்டம் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், இதோ.

தாவல் விழுந்தது. மேவிஸின் இரண்டு கையும் அந்த நொடியிலேயே மடிமேல் விழுந்தன. ஒரு மயிரிழை முன்னால் இல்லை, ஒரு மயிரிழை பின்னால் இல்லை. நாலு நிமிஷத்துக்காகக் காத்திருந்த கை அப்படி விழாது, தடுமாறும், திகைக்கும், பதினாலு நிமிஷத்து ஓட்டத்தில் அந்த வெட்டு எங்கே என்று மனப்பாடமாகத் தெரிந்த கைதான் அப்படி விழும். கோதண்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. புரிவதற்குள் வாய் முந்திக்கொண்டுவிட்டது, மிஸ் அது நான் செஞ்ச தப்பு, டேப் தீர்ந்துபோச்சு, நான் கவனிக்கல, நீங்க வாசிச்சது போச்சு, நான்தான் வெட்டி ஒட்டினேன் என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டார், குரல் அவருடையது மாதிரியே இல்லை, சின்னப் பையன் குரல். தட்டு பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது, அஞ்சு பேரும் அந்தப் பக்கத்தில் போய் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். தனம் கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

"தெரியும், மேன்," என்றார் மேவிஸ். "அன்னிக்கே தெரியும்."

அப்புறம் அவர் சொன்னார், பாட்டுக்கு நடுவிலேயே, சத்தத்தைக் குறைக்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு. பெட்டியைக் கொடுத்துவிட்டு இவர் சைக்கிளில் பறந்த அன்றைக்குச் சாயங்காலமே அஞ்சு பேரும் ரெஜி வீட்டில் உட்கார்ந்து கேட்டார்களாம். அந்த இடம் வந்து போயிற்றாம். ரெஜி திருப்பி வைத்தார், மறுபடி திருப்பி வைத்தார், பதினோரு தடவை. தனக்கு அழுகையாக வந்தது, தான் வாசித்ததிலேயே அதுதான் உருப்படி என்று விரல்களுக்குத் தெரியும், கோதண்டத்தின் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது, இரண்டு நாள் ரெஜியோடும் பேசவில்லை என்றார். மூன்றாம் நாள் ரெஜி வந்து, நம் அஞ்சு பேர் மண்டைக்கும் எட்டாதது அந்தப் பிளேடுக்கு எட்டியிருக்கிறது, இதை நாம் வாசிக்கக் கற்றுக்கொள்வோம் என்று சொன்னாராம். சைகை கிடையாது, எண்ணிக்கை கிடையாது, ரெஜியின் மூச்சு முடிகிற இடத்தில் அஞ்சு பேரும் ஒன்றாகத் தாவ வேண்டும். வரவே இல்லை. இரண்டு மாதம் தினமும் பழகினார்கள், பொன்னுரங்கம் இது என்ன இழவுடா என்று குச்சியை வீசி எறிந்திருக்கிறார். ஒரு நாள் வந்துவிட்டது. அதற்கப்புறம் கலைகிற வரைக்கும், பெங்களூரில், கோலாரில், பதினெட்டு தடவை மேடையில் அந்தத் தாவலைத் தாவினோம் என்றார் மேவிஸ், அதற்காகவே சில பேர் திரும்பத் திரும்ப வந்தார்கள் என்றார்.

"ஒவ்வொரு தடவையும் ரெஜி கதவைப் பார்ப்பான். நீ வந்திருக்கியான்னு. உனக்கு ஆள் மேல ஆள் அனுப்பினோம், மேன். நீ காய்ச்சல்னு சொன்ன."

கோதண்டத்துக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பதினெட்டு தடவை. பொன்மலையில் ரிவெட் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவருடைய தப்பை அஞ்சு பேர் பதினெட்டு தடவை வாசித்திருக்கிறார்கள், அதைக் கேட்காத ஒரே ஆள் அவர், ஓடி ஓடி எதிலிருந்து ஓடினாரோ அங்கே அவருக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்திருந்திருக்கிறார்கள். அட மடையா, அட மடையா. போய் ஒரு தடவை நின்றிருந்தால் போதும். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் துண்டைத் தேடினார், தனம் தன் முந்தானையை எடுத்து நீட்டினாள், மேவிஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். தட்டு முடிந்து ஊசி தானாகத் தூக்கிக்கொண்டது. மணி ஐந்துகூட ஆகவில்லை, ஆனாலும் அப்போதே போனை எடுத்து துளசிகாவைக் கூப்பிட்டார், தட்டு பிரமாதமாக இருக்கிறது, ஓம், அச்சடிக்கலாம், ஆனால் உறையில் எழுதியிருப்பது பொய், நான் சொன்ன பொய் என்று ஆரம்பித்து டேப் வாலிலிருந்து பதினெட்டு மேடை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார்.  அவள், தட்டை நிப்பாட்டத் தேவையில்லை ஐயா, உறையை நான் இண்டைக்கே திருப்பி எழுதுறன், இது அதைவிடப் பெரிய கதை என்றாள், பிறகு தயங்கித் தயங்கி, அப்ப அந்த நாலு நிமிசம் எங்கயும் இல்லையா என்று கேட்டாள். இல்லைம்மா என்றார் கோதண்டம்.

போனை வைத்ததும் மேவிஸ் ஆடை படிந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார். தனக்கும் நினைவில்லை என்றார். அடுத்த வாரமே திரும்ப வாசிக்கப் பார்த்தாராம், விரலுக்கு வரவில்லை, ஒரு வருஷம் முயற்சி பண்ணிவிட்டு விட்டுவிட்டார், ரெஜிக்கும் மற்றவர்களுக்கும் அவர்கள் வாசித்ததுதான் நினைவு, ஹாலில் வேறு யாரும் இல்லை. சொல்லிவிட்டுக் கோதண்டத்தை ஏற இறங்கப் பார்த்தார். டேப் தீர்ந்ததுகூடத் தெரியாமல் நின்ற ஆள் எதைக் கேட்டுக்கொண்டு நின்றான் என்று அப்போதுதான் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"நான் என்ன வாசிச்சேன், மேன்?"

எனக்கு சங்கீதம் தெரியாது மிஸ், ஸ்வரம் தெரியாது, வாயில் வராது என்று கோதண்டம் என்னென்னவோ சொன்னார். மேவிஸ் காலிக் கோப்பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு டீ மேஜையை அவர் பக்கம் தள்ளினார். கோதண்டம் கண்ணை மூடினார். இத்தனை வருஷம் அமுக்கி அமுக்கி வைத்தது, கூப்பிட்டதும் தலைமாட்டிலிருந்து எழுந்து வருகிற மாதிரி வந்தது. இடது உள்ளங்கையால் மேஜை விளிம்பை ஒரே இடத்தில் தட்டினார், வலது கை விரல்களால் மேலே வழி தேடினார், தொண்டையில் ஏதோ ஒரு முனகல், சுதி சேராத, எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு முனகல், ஆனால் வழி அதுதான், போய்த் திரும்பி வந்து, இன்னும் ஒரு அடி போய்த் திரும்பி வந்து, வலது கை மூன்றாவது தடவை மேலே ஏறியபோது எதிரே பிரம்பு நாற்காலி கிரீச்சென்று நகர்ந்தது, வீங்கின மூட்டோடு ஒரு கை வந்து அவர் இடது கையைப் பிடித்து நிறுத்தியது.

"இரு, இரு," என்றார் மேவிஸ். "அங்க இந்தக் கை முன்னாடியே வந்துடும்."